மலைத்தீவில் பத்து நாள்: ஒரு விடுமுறைத் திட்டம்



தவணை விடுமுறை நெருங்கும் போதெல்லாம் பெற்றோர் சிலர் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, இந்த முறை பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்?" கேமரன் மலை, லங்காவி, போர்ட்டிக்சன் கடற்கரை, வசதி இருந்தால் தமிழ்நாட்டுக் கோயில் சுற்றுலா என்று நம் பட்டியல் அநேகமாக முடிந்துவிடும். பேருந்தில் ஏறுகிறோம், இறங்குகிறோம், படம் பிடிக்கிறோம், உண்கிறோம், திரும்புகிறோம். பிள்ளைகளின் கால்களுக்கும் வேலை இல்லை; கருத்துக்கும் வேலை இல்லை.

இம்முறை நான் வேறொரு திட்டத்தை வரைந்து வைத்திருக்கிறேன். நடந்தே சுற்ற வேண்டிய மலைத்தீவு ஒன்றுக்குப் பத்து நாள் பயணம். அத்தீவின் பெயர் ரீயூனியன். ஏன் அந்தத் தீவு என்பதையும், எப்படித் திட்டமிடுவது என்பதையும் இங்கே எழுதுகிறேன். நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்கு அந்தத் தீவில் என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்து இறுதிவரை படிக்க வேண்டுகிறேன்.

தீவும் அதன் மலைகளும்

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீசியசுக்குத் தென்மேற்கே உள்ளது ரீயூனியன். பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். நம் மாநிலத்தின் பரப்பில் பாதிகூட இல்லை. ஆனால் அதன் நடுவே எழும் பித்தோன் தெ நேஜ் சிகரம் 3,070 மீட்டர் உயரமுடையது. நம் தீபகற்பத்தின் உச்சியான தஹான் மலை 2,187 மீட்டர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். தென்கிழக்கில் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்னும் எரிமலை 2,632 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. உலகில் அடிக்கடி சீறும் எரிமலைகளுள் அதுவும் ஒன்று.

பழைய எரிமலை சரிந்தும் மழையால் அரிக்கப்பட்டும் உண்டான மூன்று பெரும் மலைக்கிண்ணங்கள் தீவின் நடுவே உள்ளன. சலாசி, சிலாவோஸ், மஃபாத் என்பன அவற்றின் பெயர்கள். செங்குத்தான பாறைச் சுவர்கள் சூழ்ந்த இக்கிண்ணங்களும் சிகரங்களும் 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் செல்வப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தீவின் பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு அந்தப் பட்டியலுக்குள் அடங்குகிறது.

1946ஆம் ஆண்டு முதல் இத்தீவு பிரான்சின் கடல்கடந்த மாவட்டம். செலாவணி யூரோ. ஆட்சிமொழி பிரெஞ்சு, வீட்டிலும் தெருவிலும் பேசப்படுவது கிரியோல். நம் நாட்டு நேரத்தை விட நான்கு மணி நேரம் பின்தங்கியது.

எப்போது போவது?

நம் பள்ளி நாட்காட்டியை வைத்துக்கொண்டு இதை முடிவு செய்யலாம். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் மே முதல் நவம்பர் வரை அங்கே குளிரும் வறட்சியுமான காலம். டிசம்பர் முதல் மார்ச்சு வரை கடும் மழையும் சூறாவளியும் வீசும் காலம். ஆகவே, ஆண்டிறுதி விடுமுறை பொருந்தாது. மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் வரும் விடுமுறையே ஏற்றது.

இதை எளிதாக எண்ணிவிட வேண்டாம். மழையில் உலகச் சாதனைகள் பலவற்றை வைத்திருக்கும் தீவு இது. 1966 ஜனவரியில் வீசிய தெனீஸ் சூறாவளியின்போது ஃபோக் ஃபோக் என்னுமிடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை பதிவாகியது. நம் வட்டாரத்தில் ஓராண்டு முழுதும் பெய்வதற்கு ஏறக்குறைய நிகரான மழை ஒரே நாளில்! அப்படிப்பட்ட மலைப்பாதையில் பிள்ளைகளோடு மழைக்காலத்தில் நடக்கலாகாது.

ஏன் இந்தத் தீவு?

மலையும் குளிரும் வேண்டுமென்றால் அருகிலேயே கிடைக்கும். ரீயூனியனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு.

அத்தீவில் 1848 டிசம்பர் 20 அன்று அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1828ஆம் ஆண்டு முதலே சிறு அளவில் வரத் தொடங்கியிருந்த இந்தியர்கள், பின்னர் பெருந்தொகையாக ஒப்பந்தக் கூலிகளாய்க் கொண்டு செல்லப்பட்டனர். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல்கள் சென்றன. 1860ஆம் ஆண்டு பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆள் சேர்த்தார்கள். தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் குறித்து எழுந்த புகார்களால் 1882இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அதை நிறுத்தியது. சென்றவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களின் வழித்தோன்றல்களை அங்கே இன்றும் 'மல்பார்' என்றே அழைக்கிறார்கள்.

நம் முன்னோர் பால்மரம் வெட்டினார்கள். அவர்கள் கரும்பு வெட்டினார்கள். நமக்குக் கங்காணி, அவர்களுக்கு ஒப்பந்தத் தாள். கிளம்பிய கரை ஒன்றுதான். ஒரே மரத்தின் இரு கிளைகள் வெவ்வேறு மண்ணில் என்னவாயின என்பதைப் பிள்ளைகள் தம் கால்களால் நடந்து அறியட்டும் என்பதே என் எண்ணம்.

பத்து நாள் திட்டம்

முதல் இரண்டு நாள் தலைநகர் சாந்தெனியில் தங்கல். அங்கிருந்து லா பொசெசியோன் வரை 'ஆங்கிலேயர் பாதை' எனப்படும் பழைய மலைவழி ஒன்று செல்கிறது. கருங்கல் பாவிய பாதை. 1810இல் தீவைக் கைப்பற்ற வந்த ஆங்கிலேயப் படை இதில் நடந்ததால் அப்பெயர். இடையில் கிராந்த் ஷாலூப் என்னும் பள்ளத்தாக்கில் இறங்கினால் லாசரே என்ற பழைய தடுப்பு முகாம் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலிலிருந்து இறக்கியதும் நோய்த் தடுப்புக்காக அடைத்து வைத்த இடம். நம் பினாங்கிலே ஜெரஜாக் தீவு எப்படியோ அப்படி. இன்று அது காட்சியகம். பயணத்தின் முதல் நடை இங்கேதான் அமைய வேண்டும்.

மூன்றாம் நாள் கிழக்குக் கரையில் உள்ள சாந்தாந்ரே. கரும்பு வயல்களும் கோயில் கோபுரங்களும் சேர்ந்து தெரியும் ஊர். தீவில் எஞ்சியுள்ள இரண்டு சர்க்கரை ஆலைகளுள் ஒன்றான புவா ரூஷ் இங்கிருக்கிறது. அறுவடை ஜூலையில்தான் தொடங்கும்; நாம் போகும்போது கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். மாலையில் சலாசி மலைக்கிண்ணத்துக்கு ஏறிவிடலாம்.

நான்காம் நாள் முதல் ஆறாம் நாள் வரை மஃபாத். இதற்குள் வண்டிச் சாலையே கிடையாது. நடந்து போகலாம், இல்லையேல் ஹெலிகாப்டர். அடிமைத்தளையிலிருந்து தப்பியோடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த இடம் இது. மஃபாத் என்பதே அவர்களின் தலைவர் ஒருவருடைய பெயர். கோல் தெ பெஃப் கணவாயிலிருந்து இறங்கி லா நூவெல் சிற்றூரில் ஓர் இரவு. மறுநாள் மார்லாவில் ஓர் இரவு. அதற்கடுத்த நாள் 2,081 மீட்டர் உயரமுள்ள தாய்பித் கணவாயைத் தாண்டிச் சிலாவோசுக்கு இறங்குதல்.

ஏழாம் நாள் சிலாவோசில் ஓய்வு. சமவெளியிலிருந்து இவ்வூருக்கு வரும் சாலையில் 400க்கு மேற்பட்ட வளைவுகள் உண்டு என்பார்கள். இவ்வூர் பருப்புக்குப் பேர் பெற்றது. நம் பிள்ளைகளுக்குச் சோறும் பருப்பும் கிடைத்துவிடும்.

எட்டாம் ஒன்பதாம் நாட்களில் பித்தோன் தெ நேஜ். முதல் நாள் ஏறத்தாழ 1,100 மீட்டர் ஏறி, 2,478 மீட்டர் உயரத்தில் உள்ள துஃபூர் குகைத் தங்குமனையில் இரவைக் கழிக்க வேண்டும். விடியுமுன் எழுந்து, நெற்றி விளக்கோடு உச்சிக்கு ஏறிச் சூரிய உதயம் பார்ப்பது வழக்கம். ஜூன் மாதத்தில் அங்கே குளிர் உறைநிலையை ஒட்டி இறங்கக்கூடும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோரில் ஒருவரோடு சிலாவோசிலேயே இருக்கட்டும் என்பது என் கருத்து.

பத்தாம் நாள் எரிமலை. பெல்கொம்ப் விளிம்பிலிருந்து கீழே பரந்திருக்கும் கருங்குழம்புப் பாறைவெளியைப் பார்க்கலாம். எரிமலை சீறும் அறிகுறி தெரிந்தால் உள்பாதையை அதிகாரிகள் மூடிவிடுவார்கள். எனவே இந்த நாளை மாற்றிக்கொள்ளும் வசதியோடு வைத்திருக்க வேண்டும்.

கடற்குளியலை நான் திட்டத்தில் சேர்க்கவில்லை. சுறாத் தாக்குதல்களையடுத்து 2013 முதல் பவளத்திட்டு காக்கும் நீர்ப்பரப்பிலும் கண்காணிப்புள்ள சில இடங்களிலும் மட்டுமே குளிக்க அனுமதி இருந்து வருகிறது. யாரேனும் விரும்பினால் மேற்குக் கரையின் அமைதியான நீர்ப்பரப்போடு நிறுத்திக்கொள்ளட்டும்.

முன்னேற்பாடுகள்

மலைத் தங்குமனைகளில் இடம் குறைவு. பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். வானூர்தி ஓரிடத்திலாவது மாறித்தான் செல்ல வேண்டியிருக்கும். கடவுச்சீட்டின் காலாவதியையும் நுழைவு விதிகளையும் பிரெஞ்சுத் தூதரகத்திடம் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். மலைமீட்புச் செலவையும் ஏற்கும் பயணக் காப்புறுதி கட்டாயம். மழைச்சட்டை, கம்பளிச் சட்டை, பிடிப்புள்ள காலணி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுக்கும் புட்டி, நெற்றி விளக்கு ஆகியவை ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பையைப் பெற்றோர் சுமக்கலாகாது. சுமக்க முடிந்த அளவே கட்டிக்கொடுங்கள்.

பயிற்சிக்கு எங்கும் போக வேண்டியதில்லை. உலு பெண்டோலிலிருந்து ஏறும் ஆங்சி மலை 825 மீட்டர். ரெம்பாவில் உள்ள டத்தோ மலை 884 மீட்டர். அதன் உச்சிப் பாறைகளுக்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும். வனத்துறையின் அனுமதியைப் பெற்று, மூன்று மாதம் இவ்விரு மலைகளிலும் மாறி மாறி நடந்தால் போதும். ஏறுவதை விட இறங்குவதே முழங்காலைச் சோதிக்கும். ஆகையால், இறங்கும் பயிற்சிக்கே கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

பிள்ளைகளின் குறிப்பேடு

ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு குறிப்பேடு கொடுக்கப் போகிறேன். இடப்பக்கத்தில் அங்கே காதில் விழும் சொல். வலப்பக்கத்தில் அதன் தமிழ்.

சந்தைக்குப் போனால் 'பிப்பங்காய்' விற்பார்கள்; அது நம் பீர்க்கங்காய். 'மூரூம்' என்றால் முருங்கை. 'கோத்தோமிலி' கொத்துமல்லி. 'கலுப்பிலே' கறிவேப்பிலை. கோயிலுக்குப் போனால் 'பூசாரி' பூசாரியாகவே இருப்பார். 'மார்தெவிரேன்' என்று வணங்கப்படுபவர் மதுரை வீரன். 'மினிஸ்ப்ரேன்' முனீஸ்வரன். நம் தோட்டத்து எல்லையில் வேலும் அரிவாளுமாய் நிற்கும் அதே காவல் தெய்வங்கள்! 'பாந்தியாலே' என்று போற்றப்படும் திரௌபதியம்மனுக்குத் தீமிதி நடக்கிறது. தைப்பூசத்தை ஒட்டிக் காவடி எடுக்கிறார்கள்.

இன்னொரு சொல்லையும் குறித்துக்கொள்ளச் சொல்வேன். அங்கே தெருக்கூத்து 'நார்ல்கோன்' என்ற பெயரில் இருந்து வந்தது. நாடகம் என்னும் சொல்லின் திரிபு அது. இராமாயண பாரதக் கதைகளைத் தமிழில் பாடி ஆடுவார்கள். கூத்தை நடத்தும் தலைவருக்கு 'வார்த்தியால்' என்று பெயர். வேறொன்றுமில்லை, வாத்தியார்! தமிழெழுத்தை அறியாத தலைமுறைகளிலும் பாடல்களை நெட்டுருப்போட்டும் ரோமன் எழுத்தில் எழுதிவைத்தும் காத்து வந்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது என் தொழிலின் பெயர் கடலுக்கப்பால் யாருமே தமிழ் கற்பிக்காத ஊரில் உயிர்பிழைத்துக் கிடந்ததை எண்ணி நெடுநேரம் அமைதியாக இருந்தேன்.

எங்கே பிரிந்தன இரு கிளைகள்?

தெய்வம் இருக்கிறது, கறி இருக்கிறது, காவடி இருக்கிறது. ராமசாமி, வீரப்புள்ளே என்று குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பெயர்களுக்குரியவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு இன்று தமிழ் பேச வராது. பிள்ளைகளுக்குக் கிறித்துவ முதற்பெயர் வைத்து, பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பி, வீட்டில் கிரியோல் பேசிய சில தலைமுறைகளுக்குள் மொழி கரைந்துவிட்டது.

அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது? 1882க்குப் பிறகு ஊரிலிருந்து புதிய ஆட்களின் வரவு நின்றுபோனது. நமக்கோ 1938இல் இந்திய அரசு தடுக்கும் வரை கப்பலுக்குக் கப்பல் புதுத்தமிழ் வந்துகொண்டிருந்தது. அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி அமைக்க வேண்டும் என்றது. நம் நெகிரி செம்பிலானும் அக்கூட்டு மாநிலங்களுள் ஒன்று. ஆட்டுக்கொட்டகையிலும் கோயில் தாழ்வாரத்திலும் கிராணியோ கங்காணியோ வாத்தியாராக இருந்து நடந்தாலும், பள்ளி என்று ஒன்று இருந்தது. அந்த ஓட்டைக் கொட்டகையின் பேரப்பிள்ளைகளே இன்று நம் மாநிலத்தில் உள்ள 61 தமிழ்ப்பள்ளிகள்.

மறுபக்கத்தையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மொழியை இழந்த அவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாய் எல்லா உரிமையோடும் வாழ்கிறார்கள். நகரத் தலைவர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அவர்களிடையே தோன்றியுள்ளனர். மொழியைக் காத்த நாமோ தோட்டம் துண்டாடப்பட்டபோது வீடிழந்து நின்றோம். குடியுரிமைத் தாளுக்காக அலைந்தவர்களும் அலைகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். எது பெரிது, எது சிறிது என்று தராசில் வைத்துப் பார்க்கும் பொருள்கள் அல்ல இவை. அங்கேயும் இன்று சங்கங்களும் சில பள்ளிகளும் மீண்டும் தமிழ் கற்பிக்கின்றன. பறிபோனதைத் தேடி முதியவர்கள் அரிச்சுவடி தொடங்கும் இடத்திற்கு, அரிச்சுவடியை ஆறு வயதிலேயே முடித்துவிட்ட நம் பிள்ளைகள் போகப் போகிறார்கள். அவர்கள் கோயிலின் முன்னே நின்று, தூணில் எழுதியிருக்கும் தமிழை உரக்கப் படித்துக்காட்டினால் போதும். பயணத்தின் பயன் அங்கேயே கிடைத்துவிடும்.

மஃபாத்தின் சின்னஞ்சிறு பள்ளிகள்

ஆசிரியர்களுக்காக ஒரு செய்தியைத் தனியே எழுதுகிறேன். எண்ணூறு பேரளவே வாழும் மஃபாத்துக்குள், சாலையே இல்லாத சிற்றூர்கள் சிலவற்றில் தொடக்கப்பள்ளிகள் நடக்கின்றன. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் ஒரே ஆசிரியரிடம் படிக்கிறார்கள். ஆசிரியர் மலையேறித்தான் பள்ளிக்குச் செல்ல வேண்டும். பிள்ளைகள் குறைவு என்பதற்காக அப்பள்ளிகளைத் தேவையற்றவை என்று யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை. பள்ளி போனால் ஊரும் போய்விடும் என்பதை அங்கே எல்லாரும் அறிவார்கள்.

நம் நாட்டில் 150க்குக் குறைந்த மாணவர்கள் படிக்கும் பள்ளி 'குறைந்த மாணவர் பள்ளி' எனப்படுகிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பல அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்தது. ஊருக்குள் இடம் பெயர்ந்த சில பள்ளிகளின் பலகையில் 'தோட்டம்' என்ற சொல் மட்டும் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொருள் போய்ப் பெயர் மட்டும் மிஞ்சுவது எப்படியிருக்கும் என்பதைத்தான் ரீயூனியன் நமக்குக் காட்டுகிறது. நம் பள்ளிகளில் இன்னும் பொருள் இருக்கிறது. முதலாம் ஆண்டில் வந்து உட்காரும் ஒவ்வொரு பிள்ளையும்தான் அந்தப் பொருள்.

செலவைப் பற்றி

இந்தப் பயணம் எல்லாருக்கும் கைகூடாது என்பதை அறிவேன். யூரோவில் செலவு, இரண்டு மூன்று ஆண்டு சேமித்தால்தான் ஒரு குடும்பம் போக முடியும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழி மாதச் சேமிப்பாகத் தொடங்குவது நல்லது. அவசரப்படத் தேவையில்லை, மலை எங்கும் போய்விடாது.

போக இயலாதவர்களுக்கும் இத்திட்டத்தில் பாதி உண்டு. பயிற்சி நடைகள் எல்லாருக்கும் பொது. அத்துடன் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். லயம் இருந்த இடம், பால் கொட்டகை, பழைய பள்ளி, முனீஸ்வரன் கோயில் ஆகியவற்றை நடந்தே காட்டுங்கள். முதியவர் எவரேனும் உடன் வந்தால் இன்னும் நன்று. அவர் சொல்லும் தோட்டத்துச் சொற்களைப் பிள்ளைகள் அதே குறிப்பேட்டில் எழுதட்டும். ரீயூனியனுக்குப் போகும் பிள்ளை மலைத்தீவின் சொற்களோடு திரும்பும்போது, போகாத பிள்ளையிடம் அதற்கு ஈடான ஒரு பட்டியல் இருக்கும். இரண்டையும் வகுப்பில் அருகருகே வைத்துப் படிப்போம்.

முதல் பயிற்சி நடை ஆங்சி மலையில். பெயர் கொடுக்க விரும்பும் பெற்றோர், பிள்ளையின் வயதையும் காலணி அளவையும் குறித்துப் பள்ளியில் தெரிவித்தால் போதும். குறிப்பேடு என் பொறுப்பு.

அன்புடன்,
தோட்டப்பள்ளி ஆசிரியன்